ஹனாவ் வெள்ளியும் அதன் பொய் முத்திரைகளும்: பழைய ஜெர்மன் மேசைச் சாமான்கள் குறித்து

நெய்தல்நிலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் வசிக்கிறேன். இங்குள்ள ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு வெள்ளிச் சாமான்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. முதலாவது, நீள்வட்டமான ஒரு ரொட்டிக் கூடை. நடுவில் திராட்சைக் குலைகளை ஏந்தி ஆடும் குழந்தைகள் புடைப்பு வேலையாக எழுந்து நிற்கிறார்கள். அவர்களைச் சுற்றித் துளைத்து எடுத்த பின்னல் வேலையும், விளிம்பில் ரோஜாச் சரமும் சிப்பிச் சுருள்களும் உள்ளன. அடிப்பக்கத்தில் மூன்று சிறு முத்திரைகள் தெரிகின்றன: பைன் மரக் காய் போன்ற ஒன்று, முடி சூடிய எழுத்து ஒன்று, அல்லிப் பூ ஒன்று. 'அவுக்ஸ்பர்க், 18ஆம் நூற்றாண்டு' என்று கடையின் சீட்டு சொல்கிறது.

இரண்டாவது, மூடியோடு கூடிய உயரமான கிண்ணம். உடல் முழுவதும் வரிசை வரிசையாகக் குமிழ்கள் புடைத்திருக்கின்றன, மேலே தங்க முலாம் பூசியிருக்கிறது. அதற்கு 'நியூரம்பர்க், 1600 அளவில்' என்று எழுதியிருக்கிறார்கள்.

என்னை உறுத்துவது விலைதான். வெள்ளியின் எடைக்கு அது மிக அதிகம். அத்தனை பழைய பொருளுக்கோ மிகக் குறைவு. இவற்றை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


கருவூலம் எழுதியது:

நீங்கள் விவரிப்பதைப் படித்தவுடனே எனக்குத் தோன்றும் ஊர் அவுக்ஸ்பர்க் அன்று, ஹனாவ். உங்கள் மைன்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லை. பிராங்க்பர்ட்டைத் தாண்டினால் மைன் ஆற்றங்கரையில் வந்துவிடும். பொருளை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், இந்த ஊரின் கதையை அறிந்துகொண்டால் அந்த மூன்று முத்திரைகளையும் நீங்களே வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

1597ஆம் ஆண்டில் ஹனாவின் பிரபு இரண்டாம் பிலிப் லூட்விக், ஸ்பானிய ஆட்சியிலிருந்த நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சமயக் காரணங்களால் வெளியேறிய கால்வினியர்களுக்கு (புரோட்டஸ்டண்ட் கிறித்தவர்களில் ஒரு பிரிவினர்) தம் ஊரின் அருகே ஒரு புதிய நகரத்தை அமைத்துக் கொடுத்தார். வந்தவர்களில் பொற்கொல்லர்களும் வெள்ளி வேலைக்காரர்களும் இருந்தார்கள். 1772இல் அங்கே நிறுவப்பட்ட ஓவியப் பயிற்சிக் கழகம் இன்றும் பொற்கொல்லர்களைப் பயிற்றுவிக்கிறது. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனி முழுவதும் 'பழைய பாணி' வெள்ளிக்கு ஆசை பெருகியபோது, வரையவும் வார்க்கவும் உளி பிடிக்கவும் தெரிந்த கைகள் ஹனாவில் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தன. 1810களில் தொடங்கிய ஷ்லைஸ்னர் குடும்பப் பட்டறை இந்தத் துறையின் முன்னோடி. பின்னர் 1890களில் எழுந்த நெரஸ்ஹைமர், அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய கார்ல் குர்ஸ், கெப்ரூடர் கிளாஸர், கியோர்க் ரோத், ஸ்டோர்க் & சின்ஸ்ஹைமர் ஆகிய பட்டறைகள் கூடை, கிண்ணம், கப்பல் வடிவ மேசைப் பாத்திரம், நாட்டிலஸ் சங்கில் வெள்ளி கட்டிய கோப்பை என்று எல்லாவற்றையும் செய்து உலகெங்கும் அனுப்பின.

இனி முத்திரைகளுக்கு வருவோம். பழைய அவுக்ஸ்பர்க்கிலும் நியூரம்பர்க்கிலும் நகரச் சோதனையாளர் வெள்ளியைச் சோதித்த பிறகே நகர முத்திரை விழும். அவுக்ஸ்பர்க்குக்குப் பைன் காய், நியூரம்பர்க்குக்கு 'என்' என்ற எழுத்து. சோதனைக்காகச் சுரண்டி எடுத்த இடத்தில் நெளிநெளியான ஒரு கீறலும் இருக்கும். ஹனாவில் அப்படிப்பட்ட இறுக்கமான சோதனை முறை இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி அங்கிருந்த பட்டறைகள் பைன் காய், முடி சூடிய எழுத்து, அல்லிப் பூ என்று பழைய ஜெர்மன் நகரங்களையும் பாரிசையும் நினைவூட்டும் சிறு குறிகளைத் தாமே வெட்டி அடித்துக்கொண்டன. ஒரே பொருளில் பைன் காயும் அல்லியும் சேர்ந்து நிற்பது, நகர நிர்வாகம் எதுவும் கொடுத்திருக்க முடியாத சேர்க்கை. உங்கள் கூடையில் இருப்பதும் அதுதான். பல பட்டறைகள் எந்தக் குறிகளைப் பயன்படுத்தின என்று இன்று அடையாளம் கண்டிருக்கிறார்கள் என்பதால், இந்தப் பொய் முத்திரைகளே இப்போது செய்தவரைக் காட்டிக்கொடுக்கும் மெய்ச் சான்றுகளாகிவிட்டன.

ஜெர்மன் பேரரசு 1884 ஜூலையில் பொன், வெள்ளிப் பொருள்களின் தரம் குறித்து ஒரு சட்டம் இயற்றியது. அது 1888 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வெள்ளிப் பாத்திரத்தில் ஆயிரத்துக்கு 800 பங்கோ அதற்கு மேலோ தூய வெள்ளி இருந்தால், பிறைநிலவும் பேரரசின் முடியும் தர எண்ணும் பட்டறையின் குறியும் அடிக்கலாம். அடிப்பவர் செய்பவரே, பொறுப்பும் அவருடையதே. ஆகவே '800' என்ற எண்ணோடு பிறையும் முடியும் தென்பட்டால் பொருள் அந்தச் சட்டத்துக்குப் பிந்தையது. உங்கள் கூடையில் அவை இல்லை என்பதால் மட்டும் அது 1888க்கு முந்தையதாகிவிடாது. பழமையாகத் தோன்ற வேண்டிய பொருளில் அந்த எண்ணைத் தவிர்ப்பதற்கு விற்பவருக்குக் காரணம் இருந்தது.


அகழ்வன் எழுதியது:

கருவூலம் ஐயா கனிவாகப் பேசுகிறார். நான் நேராகவே சொல்கிறேன்: சோதனை செய்யாத நகரத்தின் முத்திரையைப் பொருளில் அடிப்பது மோசடி. 'பழைய பாணி' என்று பெயர் வைத்துக்கொண்டால் அது வேறாகிவிடாது. வாங்குபவர் ஏமாற வேண்டும் என்ற எண்ணம் இல்லாவிட்டால் பைன் காயை ஏன் வெட்ட வேண்டும்? தம் பெயரையே வெட்டியிருக்கலாமே.

அதே காலத்தில், அதே நாட்டில், இந்த ஆசை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஆஹன் நகரப் பொற்கொல்லர் ரைன்ஹோல்ட் ஃபாஸ்டர்ஸ் (1827–1909) போதிய சான்று. ஆஹன் பேராலயக் கருவூலத்தின் பொருள்களைச் செப்பனிட்டவர் அவர், திறமையில் குறைவில்லாதவர். அவர் கையால் செய்யப்பட்ட மறுமலர்ச்சிக் கால மாதிரிப் பொருள்கள், பாரிசிலிருந்த வணிகர் பிரெடெரிக் ஸ்பிட்சரின் வழியாகப் பெரும் சேகரிப்புகளுக்குள் மெய்யான 16ஆம் நூற்றாண்டுப் பொருள்களாக நுழைந்தன. லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்த அவருடைய ஓவியக் கட்டை 1979இல் சார்லஸ் ட்ரூமன் ஆராய்ந்து வெளியிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினியின் படைப்பு என்று பெருமையோடு வைக்கப்பட்டிருந்த ரோஸ்பிலியோசி பொற்கிண்ணமே ஃபாஸ்டர்ஸின் வரைபடங்களோடு பொருந்தியது.

ஃபாஸ்டர்ஸுக்கும் ஹனாவுக்கும் வேறுபாடு அளவில்தான், தன்மையில் இல்லை என்பது என் கருத்து. நெய்தல்நிலம் அந்தக் கடையில் கேள்வி கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.


உலைக்களம் எழுதியது:

நான் பட்டறையில் வளர்ந்தவன். வெள்ளியில் வேலை செய்கிறவன். முத்திரையை மறந்துவிட்டுப் பொருளின் உடம்பைப் பாருங்கள் என்று சொல்ல விரும்புகிறேன். முத்திரையை யாரும் எளிதாக அடிக்கலாம். உடம்பைப் பொய்யாக்குவது கடினம்.

கூடையைத் தலைகீழாகத் திருப்பி, அந்தக் குழந்தைகளின் பின்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கையால் எழுப்பிய புடைப்பு வேலையில் தகட்டைக் கீல் கலவைப் படுக்கையில் கிடத்திப் பின்பக்கமிருந்து தட்டி எழுப்புவார்கள். பிறகு திருப்பி முன்பக்கம் உளிகளால் முகம், விரல், தலைமுடி என்று திருத்துவார்கள். வெவ்வேறு முனையுள்ள உளிகளின் தடங்கள் பின்புறத்தில் ஒழுங்கில்லாமல் தெரியும். மிகவும் எழும்பிய இடத்தில் தகடு மெலிந்திருக்கும். சில இடங்களில் கிழிந்து பற்றாசு வைத்து அடைத்திருப்பார்கள். எஃகு அச்சில் வைத்து அழுத்தியெடுத்த தகட்டில் பின்புறம் மழமழவென்று, முன்புறத்தின் மங்கிய நிழல்போல இருக்கும். ஹனாவ்க் கூடைகளில் இரண்டும் உண்டு. அச்சில் எடுத்துப் பிறகு கையால் உளி பிடித்துத் திருத்தியவை மிகுதி. அந்தத் திருத்தத்தின் தரத்தில்தான் நல்ல பட்டறைக்கும் சாதாரணப் பட்டறைக்கும் உள்ள இடைவெளி தெரியும். நல்லவற்றில் ஒவ்வொரு குழந்தையின் கன்னமும் தனியாக இருக்கும்.

துளை வேலையை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். இழை ரம்பத்தால் அறுத்து அரம் போட்டிருந்தால் துளைகளின் உள்விளிம்பில் சிறு வரிகள் தட்டுப்படும், துளைக்குத் துளை அளவு மாறும். அச்சால் வெட்டியிருந்தால் எல்லாத் துளைகளும் ஒன்றுபோல, ஓரம் ஒரு பக்கமாகச் சற்று மடிந்து இருக்கும்.

கிண்ணத்தைப் பொறுத்தவரை தங்க முலாமைக் கவனியுங்கள். 1840கள் வரை முலாம் என்றால் பாதரசத்தில் பொன்னைக் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கும் முறைதான். அது தடிமனாக, சற்றுச் சமனற்றதாக, உட்குழிவுகளில் தயங்கியபடி இருக்கும். மின்முலாம் எல்லா இடத்திலும் ஒரே மெல்லிய தோலாகப் படியும். மின்முலாம் இருப்பதாலேயே பொருள் புதியது என்று முடிவு கட்டக் கூடாது. பழைய பொருளுக்குப் பின்னாளில் மறுமுலாம் இட்டிருக்கலாம். தண்டுக்கும் அடிப்பீடத்துக்கும் நடுவிலுள்ள திருகைக் கழற்றிப் பார்க்கக் கடைக்காரர் இசைந்தால் அதுவே பெரிய உதவி. 1600இல் கையால் வெட்டிய புரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. மறையும் அந்தத் திருகுக்கு மட்டுமே பொருந்தும். இயந்திரத்தில் வெட்டிய புரி பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அதோடு தேய்மானம். உண்மையாகப் புழங்கிய சாமான் கை படும் இடத்தில் தேயும்: மூடியின் குமிழ், கைப்பிடி, மேசையைத் தொடும் அடிவிளிம்பு. எந்தக் கையும் எட்டாத மூலையில் தேய்ந்து, எல்லோரும் பிடிக்கும் இடத்தில் கூர்மையாக இருந்தால் அது காலம் செய்த தேய்மானம் ஆகாது. 19ஆம் நூற்றாண்டுப் பட்டறைகள் கந்தகச் சேர்மத்தால் குழிகளைக் கறுப்பாக்கி மேடுகளை மெருகிட்டுத் தந்தன; அது அந்தக் காலத்து நாகரிகம். அந்தக் கறுப்பை மட்டும் வைத்துப் பழமையை அளக்காதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனைக்குக் கொடுக்கலாம். பொருளைச் சுரண்ட வேண்டியதில்லை. பழைய முறையில் ஈயத்தோடு உருக்கிச் சுத்திகரித்த வெள்ளியில் சிறிதளவு பொன்னும் ஈயமும் பிஸ்மத்தும் தங்கியிருக்கும். 1880களிலிருந்து மின்பகுப்பால் வெள்ளியைச் சுத்திகரிக்கும் முறை பரவிய பிறகு பொன்னைத் தனியே பிரித்தெடுத்துவிட்டார்கள். பொன்னின் சுவடே இல்லாத '1600ஆம் ஆண்டுக் கிண்ணம்' நம்பத்தக்கதன்று. பற்றாசில் காட்மியம் தென்பட்டால் அந்த இணைப்பு 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.


மாடவிளக்கு எழுதியது:

உலைக்களம் ஐயாவின் பதிவை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டேன். அகழ்வன் சொல்வதோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஹனாவ்ப் பட்டறைகளை ஃபாஸ்டர்ஸோடு ஒரே தட்டில் வைத்தால், அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் இவற்றை எதற்காக வாங்கினார்கள் என்பதே நம் கண்ணுக்கு மறைந்துவிடும்.

1871இல் பேரரசு உருவானது. புதிதாகப் பணம் சேர்த்த ஆலை முதலாளிகளும் வணிகர்களும் மருத்துவர்களும் தங்கள் உணவறைகளைப் 'பழைய ஜெர்மானியப்' பாணியில் அமைத்துக்கொள்ள விரும்பினார்கள்: கருங்காலி நிறத்தில் செதுக்கிய அலமாரி, அதன் மேல் வரிசையாகக் கிண்ணங்களும் குவளைகளும். நியூரம்பர்க்கும் அவுக்ஸ்பர்க்கும் ஐரோப்பாவின் வெள்ளிப் பட்டறைகளாக இருந்த 16ஆம் நூற்றாண்டே தங்கள் நாட்டின் பொற்காலம் என்று அவர்கள் நம்பினார்கள். 1876இல் மியூனிக்கில் நடந்த கலை, கைத்தொழில் பெருங்காட்சியில் 'நம் தந்தையரின் படைப்புகள்' என்ற தலைப்பில் பழைய பொருள்களுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. பழையதைப் பார்த்துப் புதியதைச் செய்யுங்கள் என்று கைவினைஞர்களுக்குப் பகிரங்கமாகவே சொல்லப்பட்டது. அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புதிய பேரரசு 1870களின் தொடக்கத்தில் பொன் நாணய முறைக்கு மாறி, தன் பழைய வெள்ளி நாணயங்களை உலகச் சந்தையில் விற்கத் தொடங்கியது. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி குவிந்தது. 1870 வாக்கில் ஒரு பங்கு பொன்னுக்குப் பதினைந்தரைப் பங்கு வெள்ளி என்றிருந்த மதிப்பு, 1890களின் நடுவில் முப்பதைத் தாண்டிவிட்டது. இளவரசர்களின் மேசையில் மட்டும் இருந்த உலோகம் நடுத்தர வசதியுள்ளவரின் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். உங்கள் கூடை போன்றவை திருமணப் பரிசாகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் சென்றன. அந்தப் பரிசைப் பெற்றவர் யாரும் அது 1750இல் செய்ததென்று நினைத்திருக்கமாட்டார்.

பழைய மாதிரிகள் எவ்வளவு விருப்பத்தோடு பேணப்பட்டன என்பதற்கு லூனபர்க் நகரமன்ற வெள்ளி ஓர் எடுத்துக்காட்டு. உப்பு வணிகத்தால் செழித்த அந்த நகரம், பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த தன் வெள்ளியில் எஞ்சியதை 1874இல் பிரஷ்ய அரசுக்கு விற்றது. அது பெர்லின் கைவினைக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. விற்றபோது நகரம் வெறுங்கையோடு நிற்கவில்லை: மின்பகுப்பு முறையில் எடுத்த நகல்கள் நகரமன்றத்துக்குத் தரப்பட்டன. அவற்றை யாராவது மோசடி என்பார்களா?

நியூரம்பர்க் பொற்கொல்லர் வென்ஸல் யாம்னிட்ஸர் 1549இல் அந்நகரமன்றத்துக்கு விற்ற பெரிய மேசை அலங்காரத்தையும் இங்கே நினைக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். பூமித்தாயின் உருவம் தலையில் ஒரு தட்டைத் தாங்க, அதைச் சுற்றிப் புல்லும் பூவும் பல்லியும் பாம்பும் உயிருள்ளவற்றிலிருந்தே அச்செடுத்து வார்த்தவை. 1806இல் அது உருக்கப்படவிருந்த நிலையில் மெர்கல் என்ற வணிகர் வாங்கிக் காப்பாற்றினார். 1880இல் பிராங்க்பர்ட்டின் மாயர் கார்ல் ஃபான் ராத்சைல்ட் வாங்கினார். இன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அந்த ஒரு பொருளின் பல்லிகளும் புற்களும் 19ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளின் கனவில் எத்தனை முறை வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இறுதியாக உங்கள் குமிழ்க் கிண்ணம். குமிழ்கள் புடைத்த அந்த வடிவம் 15ஆம் நூற்றாண்டின் கோதிக் வடிவம். 1600 வாக்கில், அதாவது அந்தப் பாணி மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, நியூரம்பர்க்கின் ஹான்ஸ் பெட்ஸோல்ட் (1551–1633) போன்ற பெரும் பொற்கொல்லர்கள் ஓவியர் டியூரர் காலத்தின் மேல் கொண்ட மதிப்பால் அதை மீண்டும் செய்தார்கள். பழையதைத் திரும்பிப் பார்த்துச் செய்வது ஹனாவில் பிறந்த பழக்கமன்று. உங்கள் கடையின் கிண்ணம் 1600ஐச் சேர்ந்ததாகவே இருந்தாலும், அதுவும் ஒரு மறுவாழ்வுப் பாணிப் பொருள்தான்!


அகழ்வன் எழுதியது:

லூனபர்க் நகல்களில் யாரும் பழைய நகர முத்திரையைப் புதிதாகக் கற்பித்து அடிக்கவில்லை. நகல் என்றே தரப்பட்டன. பெட்ஸோல்ட் தம் சொந்த முத்திரையோடும் நியூரம்பர்க்கின் உண்மையான 'என்' எழுத்தோடும்தான் விற்றார். மாடவிளக்கு அம்மா தரும் இரண்டு எடுத்துக்காட்டுகளும் என் பக்கமே பேசுகின்றன. வடிவத்தை மீட்டெடுப்பதை நான் குறைசொல்லவில்லை. 1531 முதல் நியூரம்பர்க்கில் பொற்கொல்லராக விரும்பியவர் அகிலேயிப் பூ வடிவக் கிண்ணம், மோதிரம், முத்திரை அச்சு ஆகிய மூன்றையும் தம் கையால் செய்து காட்ட வேண்டியிருந்தது. எல்லோரும் ஒரே வடிவத்தைத்தான் செய்தார்கள். வடிவம் பொதுச் சொத்து. பெயரும் ஊரும் பொதுச் சொத்தல்ல.

முதல் வாங்குபவர் ஏமாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய பேரப்பிள்ளை அலமாரியைத் திறந்து பைன் காயைப் பார்க்கும்போது? இன்று மைன்ஸ் கடையின் சீட்டில் 'அவுக்ஸ்பர்க்' என்று எழுத வைத்தது அந்தப் பைன் காய்தானே.


கருவூலம் எழுதியது:

அகழ்வன் எழுப்பும் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் ஒரே பட்டறையின் பொருள்களிலேயே இரு வகை நடத்தை உண்டு. சட்டம் வந்த பிறகு உள்நாட்டில் விற்றவற்றில் பொய் முத்திரைக்குப் பக்கத்திலேயே '800', பிறை, முடி மூன்றும் வெளிப்படையாக நிற்கும். அத்தகைய பொருளில் பைன் காய் வெறும் அலங்காரம். கண்ணுள்ளவர் ஏமாற வழியில்லை. தர எண் இல்லாமல் பொய் முத்திரை மட்டும் தாங்கியவற்றைப் பற்றித்தான் அகழ்வனின் கண்டனம் பொருந்தும்.

பிரிட்டனுக்குப் போனவை இதில் மிகவும் பயனுள்ளவை. அந்நாட்டுச் சட்டம் வெளிநாட்டு வெள்ளியையும் சோதித்து முத்திரையிட்ட பிறகே விற்க விட்டது. தரமும் 925 இருக்க வேண்டும். 1867 முதல் அயல்நாட்டுப் பொருள் என்பதைக் குறிக்க 'எஃப்' எழுத்தையும், 1904 முதல் இறக்குமதிக்கென்றே தனி நகரக் குறிகளையும் அடித்தார்கள். ஹனாவ்ப் பொருள்களை இறக்குமதி செய்த பெர்த்தோல்ட் முல்லர் போன்ற வணிகர்களின் எழுத்துகளோடு செஸ்டர் நகரச் சோதனைச் சாலையின் ஆண்டு எழுத்தும் சேர்ந்து வரும். பட்டறையின் பொய் முத்திரையும் ஆங்கிலச் சோதனைச் சாலையின் மெய் முத்திரையும் ஒரே அடிப்பாகத்தில் அடுத்தடுத்து நிற்கும் பொருள்களைக் கொண்டுதான் எந்தக் குறி எந்தக் காலத்தில் புழங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. நெய்தல்நிலம், கூடையின் வெளிவிளிம்பையும் பார்த்தீர்களா? ஆங்கில முத்திரைகள் பல சமயம் அடியில் இருக்கா. துளை வேலைக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் ஒளிந்திருக்கும்.


நெய்தல்நிலம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மறுபடியும் கடைக்குப் போய் உருப்பெருக்கியோடு பார்த்தேன். கூடையின் விளிம்பில் ஆங்கில முத்திரை எதுவும் இல்லை. ஆனால் உலைக்களம் ஐயா சொன்னபடி பின்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோது, பெரும்பகுதி மழமழவென்றிருக்க, குழந்தைகளின் முகங்களுக்குப் பின்னால் மட்டும் உளித் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஐந்து குழந்தைகளின் முகமும் ஐந்து விதமாக இருக்கின்றன. ஒருவன் திராட்சையைத் திருடித் தின்பதுபோலத் திரும்பிப் பார்க்கிறான். கிண்ணத்தின் திருகைக் கழற்றக் கடைக்காரர் இசையவில்லை.

பாணி பற்றியும் ஒரு கேள்வி. ஒரு பொருளைப் பார்த்து இது எந்த மறுவாழ்வுப் பாணி என்று எப்படிப் பிரிப்பது?


மாடவிளக்கு எழுதியது:

வரிசையாக ஆண்டு போட்டுப் பிரிக்க முடியாது. ஒன்றன் மேல் ஒன்று படிந்து வந்தவை. பொதுவாக, தேவாலயங்களைச் சார்ந்து நெடுங்காலம் நீடித்தது புதுக் கோதிக்: கூர்வளைவு, கோபுர முனை, இலைச் செதுக்கல். 1870களிலும் 80களிலும் ஓங்கியது புது மறுமலர்ச்சி: முகமூடி உருவங்கள், தோல் மடிப்பு போன்ற சுருள் பட்டைகள், குமிழ்கள், நாணயங்கள் பதித்த குவளைகள். மணப்பெண் கிண்ணம் என்று ஒரு வகை உண்டு. இரு கைகளையும் தூக்கி ஒரு சிறு ஊசல் கிண்ணத்தை ஏந்திய பெண் உருவம் அது. கவிழ்த்தால் அவளுடைய விரிந்த பாவாடையே பெரிய கிண்ணமாகிவிடும். மணமகன் பெரியதில் குடித்து முடிக்க, சிறியதிலிருப்பது சிந்தாமல் மணமகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது விளையாட்டு. 1600ஐ ஒட்டி நியூரம்பர்க்கில் செய்த இந்த வடிவத்தை ஹனாவ் விரும்பி மறுபடி மறுபடி செய்தது.

பிறகு 17, 18ஆம் நூற்றாண்டுகளின் வளைவு மிகுந்த அரண்மனைப் பாணிகளை மீட்ட புதுப் பரோக்கும் புது ரொக்கோக்கோவும் வந்தன. பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் லிண்டர்ஹோஃப் அரண்மனையை ரொக்கோக்கோவில் கட்டியதும் அதே காலத்தில்தான். சிப்பி, ரோஜா, குழந்தைகள், ஆட்டிடையர் காட்சி எல்லாம் அங்கிருந்து வந்தவை. நூற்றாண்டு திரும்பும்போது வளைவுகள் அடங்கி, பதினாறாம் லூயி காலத்து நேர்கோடும் ரிப்பன் முடிச்சும் தொங்கு மாலையும் வந்தன.

உங்கள் கூடையில் 17ஆம் நூற்றாண்டு அவுக்ஸ்பர்க் அலங்காரத் தட்டுகளின் புடைப்புக் காட்சியும், ரொக்கோக்கோச் சிப்பி விளிம்பும், பதினாறாம் லூயி காலத்து ரோஜாச் சரமும் கூடியிருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் பரவிய மூன்று பாணிகளை ஒரே தட்டில் துணிந்து சேர்ப்பவர், மூன்றையும் தொலைவிலிருந்து பார்க்கும் 19ஆம் நூற்றாண்டு மனிதர் மட்டுமே. என் கண்ணுக்கு முத்திரைகளைவிட இதுவே வலுவான சான்று. அந்தத் துணிவை நான் குறையாகக் கருதவில்லை. திராட்சை திருடும் அந்தச் சிறுவனை எந்தப் பழைய தட்டிலிருந்தும் நகலெடுத்திருக்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் அவசியம் கேளுங்கள்: இது யாருடைய வீட்டிலிருந்து வந்தது? 1939 பிப்ரவரியில் நாஜி அரசு, யூதர்கள் தங்களிடமிருந்த பொன், வெள்ளிப் பொருள்களை அரசின் அடகு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மணமோதிரம், சில கரண்டிகள் போன்ற மிகச் சிலவே விலக்கு. கொடுக்கப்பட்ட விலை பெயரளவுக்குத்தான். பெரும்பகுதி உருக்கப்பட்டது, சில பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கும் வணிகர்களுக்கும் போயின. பவேரிய தேசிய அருங்காட்சியகம் தன்னிடம் அப்படி வந்து தங்கிய வெள்ளிப் பொருள்களின் உரிமையாளர்களைத் தேடி, உலகின் பல நாடுகளிலுள்ள வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்துவருகிறது. ஹனாவ், பிராங்க்பர்ட் வட்டாரத்தில் வெள்ளித் தொழிலிலும் வணிகத்திலும் யூதக் குடும்பங்களின் பங்கு பெரியது. யூத வழிபாட்டு வெள்ளிக்குப் பெயர்பெற்ற லாசரஸ் போசன் விட்வே நிறுவனம் பிராங்க்பர்ட்டில்தான் இருந்தது. ஹனாவ் நகரமும் 1945 மார்ச் 19 அன்று குண்டுவீச்சில் அழிந்தது. அதனால் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பொருளும் யார் கைமாறி வந்தது என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.


அகழ்வன் எழுதியது:

இந்தக் கடைசிக் கேள்வியில் எனக்கு முழு உடன்பாடு. முத்திரை குறித்து என் கருத்தில் மாற்றமில்லை. பொருள் அழகாக இருப்பதை நான் மறுக்கவில்லை. 'அவுக்ஸ்பர்க், 18ஆம் நூற்றாண்டு' என்ற சீட்டோடு அது விற்கப்படுவதைத்தான் மறுக்கிறேன். ரசீதில் 'ஹனாவ், 1900 அளவில், பழைய பாணி' என்று கடைக்காரர் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.


உலைக்களம் எழுதியது:

கிண்ணத்தின் திருகைக் கழற்ற விடாதவரிடம் '1600' என்ற விலையைக் கொடுக்காதீர்கள். அதை விட்டுவிடுங்கள்.

கூடையை வாங்குவதானால் சில சொற்கள். துளைகள் இருப்பதால் மெருகுப் பசையைப் பயன்படுத்தாதீர்கள். அது துளைகளில் உறைந்து வெண்மையாக நிற்கும், எடுக்கப் போனால் முகங்கள் தேயும். மென்மையான சோப்பு நீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வேதிக் குளியலில் முக்கி எடுக்கவே கூடாது. குழிகளிலுள்ள கறுப்பு செய்தவர் இட்டது, அது போனால் புடைப்பின் ஆழமும் போய்விடும். முட்டை, வெங்காயம், ரப்பர் பக்கத்தில் வைக்காதீர்கள். கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

மேலும், வெள்ளிதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கைஸ்லிங்கனின் டபிள்யூ எம் எஃப் போன்ற ஆலைகள் இதே பாணிகளில் வெள்ளி முலாம் சாமான்களையும் பெருமளவில் செய்தன. அவற்றின் கரண்டிகளில் வரும் '90' தர எண் அன்று. இரண்டு டஜன் கரண்டி, முள்கரண்டிகளின் மேல் படிந்த வெள்ளி 90 கிராம் என்று அர்த்தம். உங்கள் கூடையில் தர எண்ணே இல்லாததால் எக்ஸ் கதிர்ச் சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்வேன்.


நெய்தல்நிலம் எழுதியது:

கடைக்காரரிடம் பேசினேன். கூடைக்கு மட்டும் 'ஹனாவ், 19ஆம் நூற்றாண்டு இறுதி அல்லது 20ஆம் நூற்றாண்டு தொடக்கம்' என்று ரசீதில் எழுதவும், விலையைக் குறைக்கவும் இசைந்திருக்கிறார். சோதனையில் வெள்ளி 800க்குக் குறையாமல் இருந்தால்தான் பணம் என்பதையும் ஏற்றுக்கொண்டார். முந்தைய உரிமையாளரின் வாரிசுகள் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்த பட்டியல் இருக்கிறதாம். அதன் நகலைக் கேட்டிருக்கிறேன். நகல் கைக்கு வந்ததும் முத்திரைகளின் படங்களோடு சேர்த்து இங்கே பதிவிடுகிறேன். எந்தப் பட்டறை என்று கருவூலம் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.